இரண்டு மேக்னெட்டோக்கள், ஒரு சோதனை

பிஸ்டன் இன்ஜின் பூட்டிய சிறிய விமானம் எதுவானாலும் ஓடுபாதைக்குள் நுழைவதற்கு முன் ஓர் ஓரமாக நிற்கிறது. விமானி பிரேக்கை அழுத்திக்கொண்டு இன்ஜினை முடுக்குகிறார். செஸ்னா 172-இன் பழைய ரகங்களில் நிமிடத்துக்கு 1700 சுற்று. பிறகு சாவியைத் திருப்பி ஒரு மேக்னெட்டோவை அணைத்து, மற்றதை மட்டும் ஓடவிட்டு முள்ளைப் பார்க்கிறார். மறுபடி இரண்டையும் சேர்க்கிறார். அடுத்ததை அணைத்துப் பார்க்கிறார். எந்தப் பக்கம் அணைத்தாலும் சுற்று 125-க்கு மேல் குறையக்கூடாது; இரண்டு பக்கத்துக் குறைவுக்கும் நடுவே 50-க்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. அரை நிமிடம்கூடப் பிடிக்காத வேலை. ஒன்று செத்தால் இன்னொன்று காப்பாற்றும் என்பதற்காகத்தான் இரண்டாவது மேக்னெட்டோ வைக்கப்பட்டது என்று பயிற்சிப் பாடங்கள் சொல்கின்றன. அது சரிதான், ஆனால் அதோடு நிறுத்திவிடுவது வரலாற்றைப் பாதியில் விடுவது. இரண்டாவது மேக்னெட்டோ தந்த பெரிய கொடை, முதல் மேக்னெட்டோவின் பழுதைக் கண்டுபிடிக்கும் வழி. ஒன்றுக்கு ஒன்று அளவுகோலாக நின்றதால்தான் இன்ஜினைப் பிரிக்காமலே அதன் நோயைச் சொல்லும் ஒரு கலை வளர்ந்தது. நூறாண்டு கடந்தும் மேக்னெட்டோ சிறுவிமானங்களை விட்டுப் போகாததற்கு அந்தக் கலையே முக்கியக் காரணம் என்பது என் வாதம்.

மேக்னெட்டோ என்ன செய்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். இன்ஜின் சுற்றும்போது பல்சக்கரம் வழியாக ஒரு நிலைக்காந்தமும் சுற்றுகிறது. பக்கத்தில் இரும்பு உள்ளகத்தின்மேல் தடித்த கம்பியில் சில நூறு சுற்றும், அதற்கு மேலே மெல்லிய கம்பியில் பல்லாயிரம் சுற்றும் சுற்றிய காயில் இருக்கிறது. காந்தம் சுற்றச் சுற்றத் தடித்த கம்பியில் மின்சாரம் பாய்கிறது. அந்தப் பாய்ச்சல் உச்சத்தில் இருக்கும் கணத்தில் ஒரு கேம், பாயிண்ட் எனப்படும் தொடுமுனைகளைத் திறந்துவிட, காந்தப்புலம் சட்டென்று சரிந்து, மெல்லிய கம்பியில் பல்லாயிரம் வோல்ட் எழும்புகிறது. அதுவே ஸ்பார்க் பிளக்கில் பொறியாகக் குதிக்கிறது. பேட்டரி தேவையில்லை, ஜெனரேட்டர் தேவையில்லை. விளக்கே எரியாத பழைய மொபெட் மிதித்ததும் கிளம்புமே, அதே சங்கதிதான். இன்ஜின் சுற்றுகிறவரை பொறி உண்டு. இதில் ஒரு விபரீதமும் இருக்கிறது. மேக்னெட்டோவை ‘அணைப்பது’ என்றால் மின்சாரத்தைத் துண்டிப்பது ஆகாது. பி-லீட் என்று மெக்கானிக்குகள் சொல்லும் ஒற்றைக் கம்பி வழியாக அதை இன்ஜின் உடலோடு இணைத்து எர்த் செய்வதுதான் அணைப்பது. அந்தக் கம்பி அறுந்துபோனால் சுவிட்ச் ‘ஆஃப்’ காட்டினாலும் மேக்னெட்டோ உயிரோடுதான் இருக்கும். அப்போது யாராவது புரொப்பெல்லரைக் கையால் லேசாகத் திருப்பினால் போதும், இன்ஜின் உதைக்கும். கையோ உயிரோ போகும்.

இந்தக் கருவி விமானத்துக்காகப் பிறந்ததல்ல. 1887-இல் ராபர்ட் பாஷ் தம் ஸ்டுட்கார்ட் பட்டறையில், நிலையாக நிற்கும் ஒரு இன்ஜினுக்காகக் குறைந்த அழுத்த மேக்னெட்டோ ஒன்றைச் செய்தார். 1897-இல் அது மூன்று சக்கர மோட்டார் வண்டிக்கு வந்தது. 1902-இல் அவரிடம் வேலை பார்த்த காட்லோப் ஹோனோல்ட் உயர் அழுத்த மேக்னெட்டோவையும் அதற்கேற்ற ஸ்பார்க் பிளக்கையும் சேர்த்து உருவாக்கினார். மறு ஆண்டு டிசம்பர் 17 அன்று ரைட் சகோதரர்கள் பறந்தபோது இந்தப் புதுமை அவர்கள் இன்ஜினில் இல்லை. சார்லி டெய்லர் செய்த அந்த நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. சிலிண்டருக்குள்ளேயே இரண்டு உலோக முனைகள் தொட்டுப் பிரிந்து பொறி உண்டாக்கின. மின்சாரம் குறைந்த அழுத்த மேக்னெட்டோவிலிருந்து வந்தது. கிளப்புவதற்கு மட்டும் உலர் பேட்டரியும் காயிலும் வைத்திருந்தார்கள். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அவற்றைத் தரையிலேயே விட்டுவிட்டுப் பறந்தார்கள். தன் பொறிக்கான மின்சாரத்தை வானத்தில் தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டும் என்ற ஏற்பாடு முதல் பறப்பிலிருந்தே இருக்கிறது.

முதல் பத்தாண்டுகளின் இன்ஜின்களில் பலவற்றில் ஒரே மேக்னெட்டோதான். 1909-இல் வந்த 50 குதிரைத்திறன் நோம் இன்ஜினை எடுத்துக்கொள்ளலாம். ஏழு சிலிண்டர்களும் புரொப்பெல்லரோடு சேர்ந்தே சுழலும். மேக்னெட்டோ அசையாமல் பின்னால் நிற்கும். உறை ஏதும் இல்லாத பித்தளைக் கம்பிகள் பிளக்குகளுக்குப் பொறியைக் கொண்டுபோகும். மசகாக ஊற்றிய ஆமணக்கெண்ணெய் எரிந்தும் எரியாமலும் பிளக்கில் படியும். இப்படிப்பட்ட இன்ஜின் ஒருநாள் கொஞ்சம் சோர்வாக ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். காரணம் பெட்ரோலா, காற்றுக் கலவையா, வால்வா, ஈரமான வானிலையா, பொறியா? பதில் சொல்ல மெக்கானிக்கிடம் அனுபவத்தையும் காதையும் தவிர வேறெதுவும் இருக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு மேக்னெட்டோ இல்லாத இடத்தில் ‘இந்த மேக்னெட்டோ பலவீனமாக இருக்கிறது’ என்ற வாக்கியத்துக்கே பொருளில்லை. எதைவிடப் பலவீனம்? ஆகவே பழுதுபார்ப்பது பெரும்பாலும் மாற்றிப் பார்ப்பதாகவே இருந்தது: பிளக்கைக் கழற்றி வேறு போடு, மேக்னெட்டோவைக் கழற்றி வேறு போடு. முதல் உலகப்போர் தொடங்கியபோது அந்த வழியும் பிரிட்டனுக்கு அடைபட்டது. அங்கே ஓடிய மேக்னெட்டோக்களில் பெரும்பகுதி எதிரி நாடான ஜெர்மனியின் பாஷ் தயாரிப்பு. அவசர அவசரமாக உள்நாட்டில் மேக்னெட்டோ தொழிலை உண்டாக்கவேண்டிய நெருக்கடி வந்தது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். போர்க்காலத்தில் இரண்டு மேக்னெட்டோ வைக்கும் இரட்டைப் பற்றவைப்பு பரவியதற்குக் காரணம் பாதுகாப்புக்கூட இல்லை, சக்திதான். அப்படியிருக்க, அதைப் பழுதறியும் கருவி என்று சொல்வது பின்னாளில் கண்டதை முன்னாளில் ஏற்றிச் சொல்வதல்லவா? விட்டம் பெரிதான சிலிண்டரில் ஒரு மூலையில் பற்றிய தீ எதிர்ச்சுவரை எட்ட நேரமாகிறது, இரண்டு பக்கமும் பிளக் வைத்தால் இரண்டு தீயும் நடுவில் சந்திக்கின்றன, எரிப்பு வேகமாக முடிகிறது, சக்தி கூடுகிறது. இதெல்லாம் உண்மை. நோக்கம் பழுதறிவது என்று நானும் சொல்லவில்லை. ஆனால் இந்த உண்மையேதான் சோதனையைச் சாத்தியமாக்கியது என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டாவது மேக்னெட்டோ வெறும் மாற்றாக மட்டும் இருந்திருந்தால், ஒன்றை அணைக்கும்போது இன்ஜினில் எந்த மாறுதலும் தெரியாது. அணைந்ததா இல்லையா என்றே சொல்ல முடியாது. இரண்டு தீயும் சேர்ந்து எரிப்பை விரைவாக்குவதால்தான், ஒன்று போனதும் எரிப்பு மந்தமாகிச் சுற்று சற்றே குறைகிறது. ஆரோக்கியமான இன்ஜினுக்கும் ஒரு குறைவு உண்டு. அதனால் மிகையான குறைவு நோயாகிறது. குறைவே இல்லாமலிருப்பதும் நோயாகிறது. புதிதாகப் பயில்கிறவர்கள் முள் அசையவில்லை என்றால் மகிழ்ந்துபோவார்கள். பயிற்றுநர் உடனே நிறுத்திச் சொல்லவேண்டிய விஷயம் அது: அந்த மேக்னெட்டோ அணையவே இல்லை, பி-லீட் அறுந்திருக்கலாம், புரொப்பெல்லர் பக்கம் யாரும் போகாதீர்கள்.

சிறுவிமானங்களுக்கு இந்த ஏற்பாடு மெதுவாகத்தான் வந்தது. 1931-இல் காண்டினென்டல் நிறுவனம் வெளியிட்ட 37 குதிரைத்திறன் ஏ-40, அமெரிக்காவின் ஏழை விமானிகளைப் பறக்கவைத்த இன்ஜின். ஆரம்பத்தில் அதில் ஒற்றைப் பற்றவைப்புதான். பின்னாளைய வடிவங்களில்தான் இரண்டாவது மேக்னெட்டோ சேர்ந்தது. அதற்கடுத்த ஏ-65 தலைமுறையில் இரட்டையே வழக்கமாகிவிட்டது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்த பஸ் மாத் விமானத்தின் ஜிப்ஸி இன்ஜினும் இரட்டை மேக்னெட்டோ இன்ஜின்தான். அந்தத் தபாலை நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். 1958-இல் முதன்முதலாகப் பறந்த, பெங்களூர் ஹெச்.ஏ.எல்.லின் புஷ்பக்கில் இருந்ததும் காண்டினென்டல் சி-90. நம் பறத்தல் சங்கங்களில் ஒரு தலைமுறை விமானிகள் சாவியை வலம் இடம் திருப்பப் பழகியது இத்தகைய இன்ஜின்களில்தான். அமெரிக்க விதிகளில் இன்றும் இருக்கும் வாசகத்தின் சாரம் இது: சிலிண்டருக்குக் குறைந்தது இரண்டு பிளக், தனித்தனி மின்சுற்று, தனித்தனி மின்மூலம், இல்லையென்றால் அதற்கு இணையான நம்பகம். ‘தனித்தனி’ என்பதற்குப் பின்னால் திரும்ப வருவேன்.

கலை செழித்தது விவரங்களில். சுற்று எவ்வளவு குறைகிறது என்பது மட்டுமல்ல, எப்படிக் குறைகிறது என்பதும் பேசும். சாவியைத் திருப்பியதும் முள் சடாரென்று விழுந்து இன்ஜின் குலுங்கினால் ஏதோ ஒரு சிலிண்டர் முழுக்கச் செத்திருக்கிறது: பிளக் அல்லது அதற்குப் போகும் ஒயர். முள் நிதானமாக இறங்கி, குலுக்கல் இல்லாமல் தாழ்வாக நின்றால் எல்லா சிலிண்டரும் எரிகின்றன, ஆனால் தாமதமாக எரிகின்றன: டைமிங் விலகியிருக்கலாம், வால்வைச் சரிபார்க்கவேண்டியிருக்கலாம். எந்த சிலிண்டர் என்று கண்டுபிடிக்கப் பழைய மெக்கானிக்குகளுக்கு ஒரு முறை உண்டு. கெட்ட பக்கத்து மேக்னெட்டோவிலேயே கொஞ்சநேரம் ஓடவிட்டு, அதே நிலையில் இன்ஜினை நிறுத்தி, உடனே ஒவ்வொரு புகைக்குழாயிலும் துளி நீர் தெளிப்பார்கள். மூன்று குழாய் சுள்ளென்று ஆவியெழுப்பும். நான்காவதில் தண்ணீர் அப்படியே வழியும். அந்தக் குளிர்ந்த சிலிண்டர்தான். பிறகு அதன் பிளக்கை வேறு சிலிண்டருக்கு மாற்றிப் பூட்டிப் பார்ப்பார்கள். பழுது பிளக்கோடு போனால் பிளக் குற்றவாளி; அதே சிலிண்டரில் தங்கினால் ஒயரைப் பார். இன்று ஒவ்வொரு சிலிண்டரின் புகை வெப்பத்தையும் காட்டும் கருவி இதே தர்க்கத்தைத் திரையில் காட்டுகிறது: ஒரு மேக்னெட்டோவை அணைத்தால் எரிப்பு தாமதமாகி, ஆரோக்கியமான சிலிண்டர்களின் புகை வெப்பம் ஏறும், எரியாத சிலிண்டரின் வெப்பம் விழும்.

கழற்றிய பிளக்கைக் கையில் வைத்துப் பார்த்தால் விமானப் பெட்ரோலின் வரலாறே அதில் படிந்திருக்கும். 1921-இல் தாமஸ் மிட்ஜ்லி கண்டுபிடித்த ஈயச் சேர்மம் இன்ஜின் தட்டலை நிறுத்தியது, விமான எரிபொருளின் வலிமையை உயர்த்தியது. அந்த ஈயம் எரிந்தபின் வெளியேற அதோடு புரோமின் சேர்மம் ஒன்றும் கலக்கப்படுகிறது. ஆனால் அது வேலைசெய்யப் போதுமான சூடு வேண்டும். தரையில் மெதுவாக, கெட்டியான கலவையில் ஓடும்போது அந்தச் சூடு கிடைப்பதில்லை. கீழ்ப்பக்கத்துப் பிளக்கின் அடியில் சாம்பல் நிறத்தில் சின்னச் சின்ன ஈய மணிகள் திரண்டு, மையமுனைக்கும் ஓரமுனைக்கும் நடுவே பாலம் போட்டுவிடுகின்றன. பொறி குதிக்காமல் அந்தப் பாலம் வழியே கசிந்துபோகிறது. குறைந்த ஈயமுள்ள 80 தரப் பெட்ரோலுக்காக வடிவமைத்த இன்ஜின்களுக்கு அந்தப் பெட்ரோல் 1970-களில் அரிதாகிவிட, லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் உள்ள 100 எல்எல் போடவேண்டிவந்தது. பிளக் அடைப்பு அன்றாடத் தொல்லையாயிற்று. அதற்கான வைத்தியமும் மேக்னெட்டோ சோதனையிலிருந்தே பிறந்தது. ஒரு பக்கம் மட்டும் குலுங்கினால் இரண்டையும் சேர்த்து, இன்ஜினைக் கொஞ்சம் முடுக்கி, பெட்ரோலைக் குறைத்துக் கலவையை மெலிதாக்கி, சூட்டில் படிவை எரித்துவிட்டு மறுபடி சோதிப்பார்கள். சரியானால் பறக்கலாம், ஆகாவிட்டால் கொட்டகைக்குத் திரும்ப வேண்டும். மெக்கானிக் அங்கே கூர்முனையால் மணிகளைத் தோண்டியெடுத்து, பிளக்கின் உள்மின்தடையை அளப்பார். 5000 ஓம் தாண்டினால் குப்பைக்கு. கைதவறிக் கீழே விழுந்த பிளக்கும் குப்பைக்குத்தான். பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்திருக்கும்.

டைமிங் இதைவிட நுட்பமானது. லைகாமிங் ஓ-320 இன்ஜின்கள் பலவற்றில் பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்கு 25 டிகிரி முன்பே பொறி வரவேண்டும். கேமின்மேல் உரசும் சின்னக் கட்டை தேய்ந்தால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும். பாயிண்ட்டின் உலோகமே அரித்துப்போனால் முன்கூட்டியே திறக்கும். இரண்டு தேய்மானமும் ஒன்றையொன்று ஓரளவு ஈடுகட்டுவதால் கெடுதல் சீக்கிரம் வெளியே தெரியாது. அதனால்தான் 500 மணிநேரத்துக்கு ஒருமுறை மேக்னெட்டோவைக் கழற்றித் திறந்து பார்ப்பது தொழில் வழக்கமானது. புரொப்பெல்லரைக் கையால் திருப்பும்போது கேட்கும் ‘டக்’ சத்தமும் ஒரு சாட்சி. கிளப்பும்போது பொறியைத் தாமதப்படுத்தி, ஸ்பிரிங்கின் விசையால் காந்தத்தைச் சுண்டிவிடும் இம்பல்ஸ் கப்ளிங் வேலைசெய்கிறது என்பது அதன் பொருள்.

இரண்டாவது மறுப்பு முதலாவதைவிடக் கனமானது. இரண்டும் ஒரேமாதிரி கெட்டால் ஒப்பீடு என்ன சொல்லும்? ஒரே மெக்கானிக் ஒரே தவறான குறியை வைத்து இரண்டு மேக்னெட்டோவையும் அளவுக்கு மீறி முன்தள்ளிப் பூட்டியிருந்தால் குறைவு இரண்டு பக்கமும் சமமாக, அழகாக இருக்கும். இன்ஜின் மட்டும் சூடேறிச் சாகும். 1700 சுற்றில் நன்றாக இருக்கும் பலவீனமான காயில் உயரத்தில் முழுச்சுமையில் தடுமாறலாம். இவையெல்லாம் உண்மையான ஓட்டைகள். ஆனால் இவை என் வாதத்தைக் கவிழ்ப்பதில்லை. ஒப்பீடு எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்ற எல்லையைக் காட்டுகின்றன. இரண்டும் எவ்வளவு தனித்தனியோ அவ்வளவுதான் சோதனைக்குச் சொல்திறன். இதை வரலாறே ஒருமுறை சோதித்துப் பார்த்தது. 1977-இல் செஸ்னா 172-க்கு வந்த ஓ-320-ஹெச்2ஏடி இன்ஜினில் எடையையும் செலவையும் மிச்சப்படுத்த, பெண்டிக்ஸ் நிறுவனத்தின் இரட்டை மேக்னெட்டோவைப் பூட்டினார்கள்: ஒரே கூடு, ஒரே சுழல்தண்டு, உள்ளே இரண்டு காயில். மின்சுற்று இரண்டுதான், ஓட்டும் தண்டு ஒன்றுதான். தண்டு உடைந்தால் இரண்டும் ஒன்றாகப் போகும். கூடு நழுவினால் இரண்டின் டைமிங்கும் ஒன்றாகவே நழுவும், சாவி சோதனையில் வித்தியாசம் தெரியாது. விதியின் சொல்லைக் காப்பாற்றிப் பொருளைக் கைவிட்ட வடிவமைப்பு அது. சிறுவிமானத் தொழில் அதைப் பொதுவழக்காக ஏற்கவில்லை.

பெரிய இன்ஜின்களில் ஒப்பீடு அளவால் தோற்றது. பி-36 குண்டுவீச்சு விமானத்தில் ஆறு இன்ஜின், ஒவ்வொன்றிலும் 28 சிலிண்டர், ஆக 336 ஸ்பார்க் பிளக். அங்கே தண்ணீர் தெளித்துப் பார்க்க முடியாது. பறக்கும்போதே ஒவ்வொரு பிளக்கின் மின்னலையையும் சின்னத் திரையில் காட்டும் ஆய்வுக்கருவிகளை ஸ்பெர்ரியும் பெண்டிக்ஸும் செய்தன. பறப்புப் பொறியாளர் அலையின் வடிவத்தைப் படித்துப் பழுதைச் சொன்னார். ஜெட் வந்ததும் அந்தத் திறமைக்கு வேலை இல்லாமல் போயிற்று.

மூன்றாவது மறுப்பைத்தான் இன்று அதிகம் கேட்கிறோம்: மேக்னெட்டோ பிழைத்திருப்பது அதன் தகுதியால் அல்ல, புதியதற்குச் சான்றிதழ் வாங்க ஆகும் செலவால், கார்கள் எப்போதோ மின்னணுப் பற்றவைப்புக்குப் போய்விட்டன. செலவு ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது. சுமைக்கும் உயரத்துக்கும் ஏற்ப டைமிங்கை மாற்றும் மின்னணு முறை எரிபொருளை மிச்சப்படுத்துகிறது என்பதையும் மறுக்க முடியாது. பேட்டரிப் பற்றவைப்பால் பறக்க முடியும் என்பதும் பழைய செய்தி. 1917-இன் அமெரிக்க லிபர்ட்டி இன்ஜின் டெல்கோவின் பேட்டரி முறையில்தான் ஓடியது. ஆனால் மின்மூலம் பொதுவானால் என்ன ஆகும் என்பதற்கு 2007 மார்ச் 4 அன்று ஜெர்மனியின் ஸ்பையர் விமானதளத்தில் பதில் கிடைத்தது. டீசல் இன்ஜின் இரண்டு பூட்டிய டிஏ42 விமானம் அது. டீசலில் பொறி கிடையாது. ஆனால் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிக்கு மின்சாரம் வேண்டும். பேட்டரி இறங்கியிருந்ததால் வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்துக் கிளப்பினார்கள். எழும்பியதும் சக்கரங்களை மடக்க, மின்னழுத்தம் ஒரு கணம் சரிந்தது. கணினிகள் நின்று மீண்டன. இரண்டு இன்ஜினும் ஒருசேர நின்றன. உயிர்ச்சேதம் இல்லை. இரண்டு இன்ஜின் இருந்தும் ஒரே பேட்டரியை நம்பியதால் ஒரு இன்ஜின் விமானத்தைவிட மோசமான நிலை.

வெற்றிபெற்ற மின்னணு முறைகளை எடுத்துப் பார்த்தால் அவை இந்தப் பாடத்தை உள்வாங்கியவை. ரோடாக்ஸ் 912-இல் பாயிண்ட் இல்லை, கேம் இல்லை. ஆனால் இரண்டு தனிச்சுற்று, இன்ஜினே சுற்றி உண்டாக்கும் மின்சாரம், இரண்டு சுவிட்ச், தரையில் அதே சோதனை. 1990-களில் வந்த லேசர் என்ற முறை மின்சாரம் போனால் சாதாரண மேக்னெட்டோவாகத் திரும்பிவிடும். அண்மைக்காலத்தில் ஒரு மேக்னெட்டோவை மட்டும் கழற்றி அங்கே மின்னணுக் கருவியைப் பூட்டி, மற்றதை விட்டுவைப்பது பரவிவருகிறது. இதில்தான் எனக்குக் கவலை. ஒருபக்கம் டைமிங் மாறிக்கொண்டே இருக்கும் வலுவான பொறி, மறுபக்கம் 25 டிகிரியில் நிற்கும் பழைய பொறி. இரண்டு பக்கத்துக் குறைவும் இயல்பிலேயே வேறுவேறாக இருக்கும். 50 சுற்று வித்தியாசம் என்ற பழைய எல்லை அங்கே பொருந்தாது. எல்லை மீறினாலும் ‘இது எப்போதும் இப்படித்தான்’ என்று விமானி கடந்துபோகப் பழகினால், எண்பது தொண்ணூறு ஆண்டுகள் வளர்ந்த கலை ஒரு சடங்காகச் சுருங்கிவிடும்.

இதற்கு வழி எளியது, செலவில்லாதது. கலப்பு முறையைப் பூட்டித் தருகிறவர்கள் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனி எல்லை எண்ணை எழுதிக்கொடுக்க வேண்டும். பறத்தல் சங்கங்களும் பயிற்சிப் பள்ளிகளும் ‘மேக்னெட்டோ சரி’ என்று டிக் அடிப்பதோடு நிற்காமல், ஒவ்வொரு பறப்புக்கு முன்பும் வலப்பக்கக் குறைவு எவ்வளவு, இடப்பக்கக் குறைவு எவ்வளவு என்ற இரண்டு எண்களையும் விமானத்தின் பதிவேட்டில் எழுத வேண்டும். போன மாதம் 60 ஆக இருந்தது இந்த மாதம் 110 ஆகியிருந்தால் எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆனாலும் அந்த மேக்னெட்டோவைத் திறந்து பார்க்கும் நேரம் வந்துவிட்டது.